யார் பெயரில் வருகிறது? நலத்திட்டங்களில் பெண்களின் பங்கு: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலைப் பக்கத்தில் ஒரு வாசகசாலைத் திண்ணையில் சனிக்கிழமை மாலைதோறும் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மனு பாதி முடிவதற்குள் சந்தேகங்கள் தொடங்கிவிடும். முன்வாரம் இன்னொருவர் கேட்ட அதே சந்தேகம்தான். பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் போக்கிலேயே விட்டிருக்கிறேன். விதிகள் மாறக்கூடியவை. மனு கொடுக்கும் நாளில் கிராம நிர்வாக அலுவலரிடமோ இ-சேவை மையத்திலோ ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கென்று தனித் திட்டங்கள் போட்டாயிற்றே, அதற்கு மேல் என்ன சமத்துவம்?

தனித் திட்டம் பாதி. மீதிப் பாதி, பெண் என்ற சொல்லே வராத திட்டங்களில் இருக்கிறது. ஒரு கடற்கரை ஊரில் மீன் ஏலக்கூடம் கட்டுகிறார்கள் என்று வையுங்கள். கூரை, தளம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் வரைபடத்தில் இருக்கும். இருட்டு விலகும் முன்பே வந்து, மீன் எடுத்து, கடவத்தில் அடுக்கி, தலையில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற பெண்களுக்கு ஒரு கழிப்பறை அதில் இருக்கிறதா? வரைபடம் போடும்போதே அதைக் கேட்டிருந்தால், அந்த ஏலக்கூடமும் பெண்களுக்கான திட்டம்தான்.

மத்திய அரசின் பட்ஜெட்டில் 2005-06 முதல் இதற்கென ஓர் அறிக்கையைச் சேர்க்கிறார்கள். முழுத் தொகையும் பெண்களுக்குப் போகும் திட்டங்கள் ஒரு பகுதி. குறைந்தது 30 சதவீதம் போகும் திட்டங்கள் இன்னொரு பகுதி. தாளில் 30 சதவீதம் என்று எழுதுவது எளிது. என் திண்ணைக்கு வரும் சிக்கல்கள் அந்தத் தொகை வீட்டு வாசலுக்கு வந்த பிறகு தொடங்குகிறவை. அரசுக்குத் தெரிவது ‘குடும்பம்’. அந்தக் குடும்பத்துக்குள் யாருடைய கை நீள்கிறது என்பது அரசுக்குத் தெரியாது. கீழே உள்ள கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த ஓர் இடத்தில்தான் முட்டுகின்றன.

நம் மாவட்டத்தில் பெண்கள்தான் அதிகம், படிப்பிலும் முதலிடம். இங்கே எதற்கு இந்தப் பேச்சு?

2011 கணக்கெடுப்பில் 1,000 ஆண்களுக்கு 1,019 பெண்கள். எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். மறுக்கவில்லை. ஆனால் அதே கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை மட்டும் எடுத்தால் 1,000 ஆண் குழந்தைகளுக்கு 964 பெண் குழந்தைகள்தான்.

படிப்பு ஒரு கதவு. பத்திரம் இன்னொரு கதவு. எம்.எஸ்ஸி. படித்த ஒரு பெண் என்னிடம் மனு எழுத வந்தார். எழுத்து என்னுடையதைவிட அழகு. ஏன் நீங்களே எழுதவில்லை என்று கேட்டேன். “எதை எழுதுவது என்று தெரியவில்லை. வீட்டு வரி, மின் இணைப்பு, ரேஷன் கார்டு எல்லாம் கணவர் பெயரில், அவர் மஸ்கட்டில்” என்றார். பட்டம் ஒன்றைத் தவிர அந்த வீட்டில் அவர் பெயரில் எதுவுமே இல்லை.

மகளிர் உரிமைத் தொகையும் உதவித்தொகைதானே? பெயரில் என்ன இருக்கிறது?

2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1,000 ரூபாய். உதவி என்றால் கொடுப்பவர் மனம் இரங்கிக் கொடுப்பது. உரிமை என்றால் ஏற்கெனவே செய்த வேலைக்கு உள்ள பாத்தியதை. குடும்பத்தலைவியின் ஓயாத உழைப்புக்கு அங்கீகாரம் என்றுதான் அரசும் அதைச் சொன்னது.

வீட்டில் சும்மா இருக்கிறவளுக்கு எதற்கு மாதாமாதம் பணம்?

இதைப் பெரும்பாலும் ஆண்கள் கேட்கிறார்கள், சில மாமியார்களும் கேட்கிறார்கள். நாட்டு மக்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று மத்திய அரசு 2024-ல் எடுத்த கணக்கில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் சம்பளமில்லாமல் அதற்குத் தரும் நேரம் நாளொன்றுக்கு 289 நிமிடம். வீட்டு வேலையில் கை வைக்கும் ஆண்களுக்கு 88 நிமிடம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ‘சும்மா’ இருக்கிறார்.

பள்ளிக் காலை உணவுத் திட்டத்தை நான் பெண்களுக்கான திட்டமாகவும் பார்ப்பது இதனால்தான். காலை ஆறு மணிக்கு ரப்பர் தோட்டத்தில் நிற்க வேண்டிய தாய்க்கு அது ஓர் அடுப்பு வேலையைக் குறைக்கிறது. அந்த உணவைச் சமைப்பவர்களும் சுயஉதவிக் குழுப் பெண்கள்தான் என்பதையும், அவர்கள் கையில் வருவது சொற்பத் தொகை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கார்டில் குடும்பத் தலைவர் என் கணவர். அப்படியானால் உரிமைத் தொகை எனக்குக் கிடையாதா?

உண்டு. தலைவர் ஆணாக இருந்தால் அவருடைய மனைவியைக் குடும்பத் தலைவியாகக் கொள்ள வேண்டும் என்பது விதி. திருமணமாகாத தனித்த பெண், கணவனை இழந்தவர், திருநங்கை ஆகியோர் தலைமையில் குடும்பம் இருந்தால் அவர்களும் குடும்பத் தலைவியே. ஒரு கார்டுக்கு ஒருவர்தான். தொடக்க விதிப்படி 21 வயது நிறைந்திருக்க வேண்டும்; குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், ஆண்டு மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள், நிலம் இருந்தால் நன்செய் 5 ஏக்கருக்குள் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள் இருக்க வேண்டும். வீட்டில் கார் இருக்கக்கூடாது.

இந்தக் கார் விதியில்தான் நம் ஊர்ப் பெண்கள் அதிகம் அடிபடுகிறார்கள். வளைகுடாவிலிருந்து திரும்பியவர் பழைய கார் ஒன்றை வாங்கி முற்றத்தில் நிறுத்தியிருப்பார். மனைவிக்கு அதை ஓட்டவும் தெரியாது, விற்கவும் முடியாது. ஆனாலும் விண்ணப்பத்தில் அது அவருடைய கார்தான். வசதியைக் குடும்பத்தின் பெயரில் அளந்து, தகுதியைப் பெண்ணின் பெயரில் மறுக்கிறது இந்த விதி.

மாமியாருக்கு முதியோர் பென்ஷன் வருவதால் மருமகளுக்கு இல்லை என்கிறார்களே?

முதலில் அப்படித்தான் இருந்தது. 2023 ஆகஸ்டில் தளர்த்திவிட்டார்கள். பென்ஷன் வாங்குபவருக்கு உரிமைத் தொகை இல்லை. அதே வீட்டில் தகுதியுள்ள வேறு பெண் இருந்தால் அவர் விண்ணப்பிக்கலாம். பராமரிப்பு உதவித்தொகை பெறும் மாற்றுத்திறனாளி இருக்கும் வீட்டுக்கும் தடையில்லை. இது தெரியாமல் மாமியாரையும் மருமகளையும் மோதவிட்ட வீடுகள் எனக்குத் தெரிந்தே நான்கைந்து உண்டு.

மனு நிராகரிக்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்துவிட்டது. அவ்வளவுதானா?

இல்லை. செய்தி வந்த 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று அப்போதே அறிவித்திருந்தார்கள். நம் மாவட்டத்தில் நாகர்கோவில், பத்மநாபபுரம் என்று இரண்டு கோட்டங்கள். காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். “கார் இருக்கிறது” என்று தள்ளிய ஒரு மனுவில், அந்தக் கார் விற்று இரண்டு வருடமாகிப் பதிவுப் பெயர் மாறாமல் கிடந்தது தெரியவந்தது.

பஸ்ஸில் இலவசம் என்கிறார்கள், சில பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறார்களே?

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. திருநங்கைகள், மாற்றுத்திறனாளிகள், அவர்களுடன் வரும் உதவியாளர் ஆகியோருக்கும் பின்னர் சேர்த்தார்கள். விரைவுப் பஸ்ஸில் இல்லை. களியக்காவிளையிலிருந்து கேரள அரசுப் பஸ்ஸில் ஏறினால் அதிலும் இல்லை. மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. வீட்டில் யாரிடமும் கைநீட்டாமல் ஆஸ்பத்திரிக்கோ தாய்வீட்டுக்கோ போய்வர முடிவதை எந்த ஆய்விலும் ரூபாயாக எழுத முடியாது.

மீன் கடவத்தோடு ஏறினால் இறங்கச் சொல்கிறார்கள். இலவசம் எங்களுக்கு இல்லையா?

2021 டிசம்பரில் குளச்சலில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நாள் முழுக்க மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப ஏறிய ஒரு மூதாட்டியை, நாற்றமடிக்கிறது என்று சொல்லி அரசுப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். பஸ் நிலையத்தில் நின்று அவர் நியாயம் கேட்ட காட்சி நாடெங்கும் பரவியது. சம்பந்தப்பட்ட மூன்று ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த அம்மாள் கேட்டது சலுகை அல்ல. டிக்கெட்டை இலவசமாக்கிவிட்டு ஆளை ஏற்றாவிட்டால் அது எந்த வகைத் திட்டம் என்பதுதான் அவருடைய கேள்வி.

பஸ்ஸின் எண், நேரம், இடம் மூன்றையும் குறித்துக்கொண்டு திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அந்த இடத்தை விட்டு வரவேண்டாம்.

மீன் விற்கிற பெண் மீனவர் ஆவாரா? வலை பிடிப்பவர்தானே மீனவர்?

திட்டத்தின் கணக்கில் ஆவார். மீனவ மகளிருக்கென்றே சேமிப்பு நிவாரணத் திட்டம் தமிழ்நாட்டில் உண்டு. ஆண்டில் 1,500 ரூபாய் நீங்கள் சேமித்தால், அரசு 3,000 சேர்த்து 4,500 ஆகத் திருப்பித் தரும். மீனவ மகளிர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும். சங்கத்தில் பெயரே இல்லாமல் முப்பது வருடம் மீன் விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். மீன்பிடித் தடைக்கால நிவாரணமோ குடும்பத்துக்கு ஒன்று; அங்கே மறுபடியும் முதல் கேள்வியில் சொன்ன ‘குடும்பம்’ வந்து நிற்கிறது. நம் மேற்குக் கரையில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் விசைப்படகு போகாது. அந்த நாளில் விற்க மீன் இல்லாத பெண்ணுக்கும் தொழில் நஷ்டம்தான்.

கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. நான் விதவையா, இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்ட பெண் அழவில்லை. படிவத்தில் எந்தக் கட்டத்தில் குறியிடுவது என்றுதான் கேட்டார். பதில் சொல்ல எனக்குத்தான் நேரமாயிற்று.

ஏழு ஆண்டு எந்தத் தகவலும் இல்லாவிட்டால் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது சாட்சியச் சட்டம். பழைய 1872 சட்டத்திலும் இருந்தது, அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பின், தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களில் காணாமல் போனவர்களின் குடும்பங்களை ஏழு வருடம் காக்கவைக்காமல் அரசு தலா 20 லட்சம் ரூபாய் நிவாரணம் கொடுத்தது. மக்கள் தெருவில் இறங்கிக் கேட்டதால் நடந்தது அது. தனியொரு படகு கவிழ்ந்தால் அந்த வேகம் இருக்காது. எனவே அன்றே காவல் நிலையத்தில் புகார், மீன்வளத் துறைக்குத் தகவல் இரண்டையும் எழுத்தில் கொடுத்து நகல் வைத்திருங்கள். காலக்கணக்கு அந்தத் தாளிலிருந்து தொடங்கும்.

நிவாரணம் மனைவிக்கா, தாய்க்கா என்ற சண்டை பிறகு வரும். மகனை இழந்தவரும் பெண், கணவனை இழந்தவரும் பெண். வாரிசுச் சான்றிதழில் இருவர் பெயரும் வரும். பங்குத்தந்தை முன்னால் பேசித் தீர்த்தாலும் அதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கணவர் விட்டுப்போய் மூன்று வருடம் ஆகிறது. பென்ஷன் கேட்கலாமா?

கணவரால் கைவிடப்பட்டவருக்கான பென்ஷனுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும். விவாகரத்தோ, நீதிமன்றத்தின் பிரிவுச் சான்றோ, ஐந்து ஆண்டுப் பிரிவோ காட்ட வேண்டும். மூன்று வருடம் போதாது. இந்த ஐந்து வருடக் கணக்கு எனக்குப் புரிந்ததே இல்லை. விட்டுப்போன மறுநாளே அடுப்பில் உலை வைக்க வேண்டுமே. திருமணமாகாத ஏழைப் பெண்களுக்கான பென்ஷன் 50 வயதில்தான். 2023 ஆகஸ்டிலிருந்து இந்தப் பென்ஷன்கள் மாதம் 1,200 ரூபாய்.

அதுவரை செய்யக்கூடியவை உண்டு. ஜீவனாம்சம் கேட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். வக்கீலுக்குப் பணம் இல்லை என்று யோசிக்க வேண்டாம்: 1987-ம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்ணுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. நாகர்கோவிலில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக் குழுவில் ஒரு வெள்ளைத்தாள் மனு போதும். கார்டில் தனியாகப் பிரிந்து பெயர் வாங்கும் வேலையையும் கூடவே தொடங்குங்கள். அது இல்லாமல் மேலே சொன்ன எந்தத் திட்டமும் நகராது.

பக்கத்து ஊரில் நூறு நாள் வேலை இருக்கிறது. எங்கள் ஊரில் ஏன் இல்லை?

உங்கள் ஊர் பேரூராட்சி. அது ஊராட்சிகளுக்கான திட்டம். குமரி மாவட்டத்தின் விசித்திரம் இது. ஊராட்சிகள் 95, பேரூராட்சிகளோ ஐம்பதுக்கும் மேல். 2011 கணக்கில் மாவட்டத்தில் நூற்றுக்கு 82 பேர் ‘நகரவாசிகள்’. தென்னந்தோப்புக்கும் மரச்சீனி விளைக்கும் நடுவில் குடியிருக்கும் கூலிப் பெண்ணும் அந்த 82-ல் ஒருவர்தான். 2005-ம் ஆண்டு வேலை உறுதிச் சட்டம் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்றது, வேலையிடத்தில் குழந்தைகளுக்கு நிழலும் ஓர் ஆயாவும் என்றது. தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். நம் மாவட்டத்துப் பெண்களில் பெரும்பகுதியினருக்கு, வரைபடத்தின் ஒரு கோட்டால் அது எட்டாமல் போயிற்று. பெண்ணை விலக்க வேண்டும் என்று யாரும் நினைத்துச் செய்ததில்லை. விலக்கி விட்டது மட்டும் நிஜம்.

அண்டி ஆபீஸில் மேற்பார்வையாளர் தவறாக நடக்கிறார். சொன்னால் வேலை போய்விடும். எங்கே சொல்வது?

முந்திரி ஆலை ஆனாலும் சட்டம் ஒன்றுதான். 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும், தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். பத்துப் பேருக்குக் குறைவு என்றாலும், புகார் முதலாளி மேலேயே என்றாலும், வீட்டு வேலை செய்பவர் என்றாலும் மாவட்டத்தின் உள்ளூர்ப் புகார்க் குழுவுக்கு எழுதலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம்.

கறை படிந்த விரல்களோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்திருந்தார். தோல் உரித்து உரித்து நகக்கண் கறுத்திருந்தது. “எழுத வேண்டாம், சும்மா கேட்க வந்தேன்” என்றார். கேட்டுவிட்டுப் போனார். மூன்றாவது வாரம் இன்னும் இருவரோடு வந்தார். மூவர் கையெழுத்துப் போட்ட மனுவை ஒருவரின் மனுவைப் போல எளிதில் தள்ளிவிட முடியாது.

சீதனம் கொடுத்துக் கட்டிவைத்தாயிற்று. பிறகு மகளுக்குச் சொத்தில் ஏது பங்கு?

நம் மாவட்டத்தில் இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1956 நவம்பர் 1 வரை நாம் முதலில் திருவிதாங்கூரிலும், 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தோம். திருவிதாங்கூரில் கிறிஸ்தவர்களுக்கு 1916-ல் ஒரு வாரிசுச் சட்டம் போட்டார்கள். அதன்படி மகளுக்கு மகனின் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. அதுவும் சீதனம் வாங்காதவளாக இருந்தால்தான். விதவைக்கு ஆயுள் அனுபவம் மட்டும், மறுமணம் செய்தால் அதுவும் போகும். ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கிட்ட வழக்கமுள்ள சில பிரிவினருக்கு விலக்கும் இருந்தது. ஆனால் ஊர் மனத்தில் ஊறியது ‘சீதனம் கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது’ என்பதுதான்.

மேரி ராய் என்ற கேரளக் கிறிஸ்தவப் பெண் உச்ச நீதிமன்றம் வரை போய் 1986-ல் தீர்ப்பு வாங்கினார். 1951 ஏப்ரல் 1 முதலே பழைய திருவிதாங்கூர் சட்டம் செல்லாது, 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் செல்லும் என்பது தீர்ப்பு. அதன்படி உயில் எழுதாமல் தந்தை இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதியில் மகனுக்கும் மகளுக்கும் சமம். சீதனம் வாங்கினாளா என்ற கேள்வியே அங்கு எழாது.

இந்துக் குடும்பம் என்றால், தந்தை உயில் எழுதாமல் விட்ட சொந்தச் சம்பாத்தியத்தில் 1956 முதலே மகளுக்குச் சம பங்கு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989-ல் பங்கு கொடுத்தது, அன்றைக்குத் திருமணமாகாதிருந்த மகள்களுக்கு. 2005-ல் மத்தியச் சட்டம் திருமணமானவர்களையும் சேர்த்தது. 2005-ல் தந்தை உயிரோடு இல்லாவிட்டாலும் பங்கு உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாக நடந்த பாகப்பிரிவினையைத் திரும்பக் கிளற முடியாது. இஸ்லாமியர்களுக்குத் தனிச் சட்டம். மகளுக்கு மகனின் பங்கில் பாதி.

இவ்வளவு இருந்தும், ‘என் பங்கு எனக்கு வேண்டாம்’ என்று எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்ற ஒரு தாள் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறது. அண்ணன் காரில் அழைத்துப் போவார், பதிவு அலுவலகத்துக்குப் பக்கத்தில் டீ வாங்கித் தருவார், “இங்கே ஒரு கையெழுத்து, மக்களே” என்று தங்கையிடம் செல்லமாகச் சொல்வார். அதற்குப் பிறகு தாய்வீட்டுக்குப் போக வர முகம் வேண்டுமே என்று கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம். போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். என்ன என்று படித்துவிட்டுப் போடுங்கள். கூடவே ஒன்று: சீதனம் கொடுப்பதும் வாங்குவதும் 1961 முதல் குற்றம். குற்றமாகிய ஒன்றைக் காட்டி, சட்டம் தந்த பங்கை மறுப்பது என்ன நியாயம்?

தாலிக்குத் தங்கம் கொடுத்ததை நிறுத்திவிட்டார்களே, ஏழைப் பெண்ணுக்கு நஷ்டம்தானே?

மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டத்தை 2022-ல் உயர்கல்வித் திட்டமாக மாற்றினார்கள். அதுதான் புதுமைப் பெண். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய். சபைகளும் அறக்கட்டளைகளும் நடத்தும் உதவி பெறும் பள்ளிகள் நிறைந்த நம் மாவட்டத்தில் பல பிள்ளைகளுக்கு அது முதலில் எட்டவில்லை. 2024 டிசம்பர் 30 முதல் உதவி பெறும் பள்ளித் தமிழ்வழி மாணவிகளையும் சேர்த்தார்கள்.

கல்யாணத்துக்குக் கொடுத்த பணத்தைப் படிப்புக்குத் திருப்பியது சரியென்றே நினைக்கிறேன். கல்லூரிக்குப் போகாமல் அண்டி ஆபீஸுக்குப் போன பெண்ணுக்கு இரண்டும் இல்லாமல் போனதும் உண்மை.

ஆண்களுக்கு ஒன்றும் கிடையாதா?

மாணவர்களுக்கு 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன் உண்டு, அதே 1,000 ரூபாய். மனைவியை இழந்து சிறு பிள்ளைகளோடு நிற்கும் கூலித் தொழிலாளிக்கு என்ன என்று கேட்டால், சொல்லும்படியாக எதுவும் என் கையில் இல்லை. அது குறைதான். பிள்ளை வளர்ப்பது பெண்ணின் வேலை என்று எழுதிவைத்ததன் மறுபக்கம் அது.

திருநங்கைக்கு வீட்டுக் கார்டிலிருந்தே பெயரை நீக்கிவிட்டார்கள். எங்கிருந்து தொடங்குவது?

அடையாள அட்டையிலிருந்து. நாட்டிலேயே முதலாவதாகத் தமிழ்நாடு 2008-ல் திருநங்கைகள் நல வாரியம் அமைத்தது. 2014-ல் உச்ச நீதிமன்றம், தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை ஏற்றது. 2019-ம் ஆண்டுச் சட்டப்படி அடையாளச் சான்றைத் தரவேண்டியவர் மாவட்ட ஆட்சியர். சமூக நல அலுவலகத்தில் தொடங்கி, சான்று வாங்கி, அதை வைத்து ஆதார், பிறகு தனிக் கார்டு என்று வரிசையாகப் போக வேண்டும். கார்டு வந்தபின் உரிமைத் தொகைக்கு ஐந்தாவது கேள்வியைப் பாருங்கள். நடைமுறையில் முட்டுவது முகவரிச் சான்றில். வாடகைக்கு வீடு கொடுப்பவர் ஒப்பந்தம் எழுதித் தர மாட்டார்.

தலைவர் பெண்தான், ஆனால் கூட்டத்தில் பேசுவது கணவர். இதற்கு எதற்கு 50 சதவீதம்?

2016-ல் சட்டம் திருத்தி உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்றாக்கினார்கள். கணவர் வந்து நாற்காலியில் உட்கார்வதும் நடக்கிறது. முதல் வருடம் கணவர் பேசுவார். மூன்றாம் வருடம் தெருவிளக்குக்கான கோப்பு எந்த மேஜையில் கிடக்கிறது என்று அந்த அம்மாளுக்குத்தான் தெரிந்திருக்கும். நான் பார்த்த இரண்டு பேரிடம் அப்படித்தான் ஆயிற்று. மூன்றாமவரிடம் ஆகவில்லை.

ஆயிரம் ரூபாய் வந்ததும் கணவர் ஏ.டி.எம். கார்டைப் பிடுங்கி எடுத்துவிடுகிறார். இதில் என்ன சமத்துவம்?

2005-ம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் அடி உதை மட்டும் இல்லை. பணத்தையோ பொருளையோ கிடைக்க விடாமல் செய்வதும் வன்முறை என்று எழுதியிருக்கிறது. பாதுகாப்பு அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம், பெண்கள் உதவி எண் 181-ல் கூப்பிடலாம். வீடு அவர் பெயரில் என்பதால் வெளியே தள்ளிவிடுவாரோ என்று அஞ்ச வேண்டாம். அந்த வீட்டில் தங்கும் உரிமையையும் அதே சட்டம் தருகிறது. வழக்கு வேண்டாம் என்றால் வங்கியில் கார்டைத் தடுத்துவிட்டுப் பாஸ்புத்தகத்தோடு நேரில் போய் எடுங்கள். நிறையப் பேர் இதைத்தான் செய்கிறார்கள்.

ஓ.டி.பி. மகனுடைய போனுக்குப் போகிறது. அவன் சவூதியில். என்ன செய்ய?

ஆதாரில் உள்ள எண்ணை மாற்ற வேண்டும். ஆதார் மையத்துக்கு நேரில் போய் விரல் ரேகை வைத்தால் போதும்; எண் மாற்ற வேறு சான்று கேட்க மாட்டார்கள். மாற்றும் எண் உங்கள் கையில் இருக்கும் போனின் எண்ணாக இருக்கட்டும். மருமகளுடையதோ பக்கத்து வீட்டுப் பையனுடையதோ வேண்டாம்.

இதை முதலில் கேட்டவர் எழுபது வயதுப் பாட்டி. பொத்தான் வைத்த சின்னப் போன் ஒன்று வாங்கி, மையத்துக்கு இரண்டு தடவை அலைந்து, ரேகை பதியாமல் மூன்றாம் தடவை பதிந்தது. போன சனிக்கிழமை கடவத்தோடு வந்து இறங்கினார். மீனுக்கு மேலே வாழையிலை, இலைக்கு மேலே பிளாஸ்டிக் உறையில் போன். “இதில் நான்கு எண் வந்திருக்கிறது, என்னவென்று பாரு” என்றார். பார்த்துவிட்டு, யாரிடமும் இதைச் சொல்லாதீர்கள் பாட்டி என்றேன். “உன்னிடமும்தானே?” என்று கேட்டு போனை வாங்கிக்கொண்டார்.